மார்க்கர் வருடம்: நமது ஓவியக் குழுவின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை நீளம் என்று திட்டு வாங்கியதால், வரவு செலவைப் பொருளாளரிடமே விட்டுவிட்டு நாம் போட்ட படங்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டுதான் ஸ்கெட்ச் பேனாவிலிருந்து ஆல்கஹால் மார்க்கருக்கு மாறினோம். ஸ்கெட்ச் பேனாவில் ஒரே இடத்தை மூன்று தடவை தேய்த்தால் காகிதமே உரிந்து திரி திரியாக வரும், அந்தத் தொல்லை இதில் இல்லை. ஆனால் முதல் மூன்று கூட்டத்திலும் எல்லார் படமும் வரி வரியாகத்தான் வந்தது. மார்க்கர் மட்டமோ என்று கடைக்காரரைக்கூடத் திட்டினோம், பாவம். குற்றவாளி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன். மையில் இருக்கும் ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிற பொருள். ஒரு இழுப்பின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை அதோடு சேர்த்து இழுக்க வேண்டும், காய்ந்துவிட்டால் மேலே படுகிற இடமெல்லாம் கருத்த கோடாகிவிடும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னதற்கு நான் வாங்கிய பேச்சை இங்கே எழுதவில்லை. கடைசியில் பத்து நிமிடம் நிறுத்துவது, பத்து நிமிடம் ஓடவிடுவது என்று சமாதானமானோம்.

உருப்படியாக வந்தது கத்தரிக்காய்தான். பளபளப்பு விழும் இடத்தை முதலிலேயே பென்சிலால் லேசாகக் குறித்து வெள்ளையாக விட்டோம், ஏனென்றால் மார்க்கரில் பூசியதை அப்புறம் வெளுக்க வைக்க முடியாது. நாம் வாங்கிய கோபிக் என்கிற மார்க்கர் பிராண்டில் வி04, வி06, வி09 என்று மூன்றே மூன்று ஊதா; மார்க்கர் மேலேயே இருக்கும் நிறக் குறியீடு அது. கடைசி எண் ஏற ஏற நிறம் அடர்த்தியாகும், நடு எண் ஏறினால் மங்கும். அதனால் முதலில் வரும் எழுத்தும் நடு எண்ணும் ஒன்றாகவும் கடைசி எண் இரண்டு மூன்று தள்ளியும் இருந்தால் நன்றாகக் கலக்கும். வெளிர் நிறத்தை முழுக்கப் பூசி, நிழல் பக்கம் அடர்நிறம் வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் திரும்பவும் வெளிர் நிறத்தையே ஓட்டினால் கோடு கரைந்துவிடுகிறது. அடி ஓரத்தில் மெல்லிய வெளிர் கீற்று விட்டவர்களுக்குத்தான் காய் உருண்டையாக வந்தது, மற்றவர்களுக்குத் தட்டையான ஊதா இலை.

நிறமில்லாத பிளெண்டரை, அதாவது சாயம் இல்லாமல் வெறும் கரைப்பான் மட்டும் உள்ள மார்க்கரை, ரப்பர் மாதிரி நினைத்துக்கொண்டு சிலர் அழித்துப் பார்த்தார்கள். அது நிறத்தைத் தள்ளிவிடுமே தவிர அழிக்காது.

ஒரு விபத்து: பெர்மனென்ட் மார்க்கரில் வெளிக்கோடு போட்டுவிட்டு மஞ்சள் பூசினேன், கருப்பு கரைந்து வாழைப்பழம் அழுகிப்போனது. கோபிக் மை ஜெராக்ஸ் டோனரை, அதாவது நகலில் படியும் கருப்புப் பொடியை, கரைக்காது; நகல் என்று பொருள்படும் 'copy'யிலிருந்துதான் கோபிக் என்ற பெயரே வந்தது. ஆகவே இப்போது வெளிக்கோட்டை ஜெராக்ஸ் எடுத்து அதன் மேல் பூசுகிறோம், ஒரு படம் கெட்டாலும் இன்னொரு பிரதி இருக்கும். சாதாரண ஏ4 தாளில் மை பின்பக்கம் ஊறும், அடியில் பழைய அட்டை வையுங்கள். மேசை என் வீட்டுடையது.

'ஸ்கின்' என்று எழுதியிருந்த மார்க்கர் நம்மில் ஒருவர் தோலுக்கும் பொருந்தவில்லை. அடுத்த வருடம் பழுப்பு வரிசையில் நான்கு வாங்க அனுமதி கேட்கிறேன். இருமுனை மார்க்கரைப் படுக்க வைத்தே வையுங்கள், நிறுத்தி வைத்தால் மேல் முனை வறண்டுவிடும். வி09-ஐ வீட்டுக்கு எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிடவும்.

செயலாளர்