மாத்திரைக் கணக்கில் வராத மாத்திரை

மாப்ள,

போன வாரம் நீ போன் அடித்தபோது எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. டிபி மாத்திரை ஆரம்பித்து ஏழாவது வாரம் ஓடுகிறது. அந்தக் காலமென்றால் தோப்பூர் டிபி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைத்திருப்பார்கள், இப்போது செல்லூர் வீட்டிலேயே காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு அந்த மருந்தின் நிறத்தில் சிவப்பாக ஒன்றுக்குப் போகிறேன். இருமல் நின்றுவிட்டது.

சிக்கல் மூட்டுவலியில் வந்தது. முட்டியும் கணுக்காலும் பிடுங்கி எடுக்க, மெடிக்கலில் பாராசிட்டமால் 650 அட்டை வாங்கி ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு என்று போட ஆரம்பித்தேன். பத்தே நாளில் குமட்டல், உன் தங்கச்சி வைத்த அயிரைமீன் குழம்பையே தள்ளி வைத்தேன் என்றால் பார்த்துக்கொள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்லீரல் என்சைம் கூடியிருக்கு, வேற என்ன மாத்திரை போடுறீங்க?" என்றார். "ஒண்ணும் இல்ல சார்." பொய்யில்லை மாப்ள, பாராசிட்டமால் என் கணக்கில் மாத்திரையே இல்லை. சட்டைப்பையில் எட்டிப் பார்த்த அட்டையை அவர்தான் கவனித்தார்.

அவர் சொன்னதை நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் மாசி வீதி மாதிரி அகலமான இரண்டு வழிகளில் ஆபத்தில்லாமல் ஒன்றுக்கில் அனுப்பிவிடும். கொஞ்சம் மட்டும் சிவைபி2ஈ1 என்கிற என்சைமின் சந்துக்குள் போய் விஷமாக மாறும், அதைக் கல்லீரலில் காவலுக்கு இருக்கும் குளுட்டாதயோன் என்கிற பொருள் பிடித்து முடக்கிவிடும். டிபி மாத்திரையில் இருக்கும் ஐசோனியசிட் என்கிற மருந்து அந்தச் சந்து வழியை அகலப்படுத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், அதுவே சந்து வாசலில் ஆட்டோவை நிறுத்தின மாதிரி அடைத்துக்கொண்டும் நிற்கும். ரத்தத்தில் ஐசோனியசிட் அளவு இறங்கினபிறகுதான் பாராசிட்டமால் கூட்டம் உள்ளே பாய்கிறது. என்னைப்போல் சரியாகச் சாப்பிடாமல் இளைத்தவனுக்கோ குளுட்டாதயோனும் குறைவு.

டிபி மாத்திரைகளே கல்லீரலைச் சீண்டும், அதனால் யார் செய்த வேலை என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பிடித்தது. மூட்டுவலிக்குக் காரணம் யூரிக் ஆசிட்டை ஏற்றுகிற பைராசினமைட் என்கிற இன்னொரு டிபி மருந்தாம், அது இரண்டு மாதத்தோடு முடிந்துவிடும். அதுவரை அவரைக் கேட்காமல் ஒரு 650கூடப் போடக் கூடாது, அதற்காக டிபி மாத்திரையையும் நானாக நிறுத்தக் கூடாது.

நீயும் ராத்திரி ஏற்றிக்கொண்டு காலையில் தலைவலிக்கு இதையே போடுகிற ஆள். தினமும் குடித்தால் சாராயமும் அதே சந்து வழியைத்தான் அகலப்படுத்துமாம்.

அட்டையில் நாலு மாத்திரை மிச்சம். உன் தங்கச்சி அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.