கல் கொத்த ஆள் தேடும் நண்பனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்து நிம்மதியானேன். மில்லில் அரைவைக் கல்லைக் கொத்த ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறாய் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அது மனதிலேயே நின்றுவிட்டது. இங்கே ஸ்காட்லாந்தில் ஒரு பழைய மில்லைப் பார்க்க, சனிக்கிழமை எடின்பரோவிலிருந்து ரயிலேறி ஈஸ்ட் லிண்டன் என்ற ஊருக்குப் போய்விட்டேன். 2023 டிசம்பரில்தான் அங்கே ஸ்டேஷனை மறுபடி திறந்தார்கள்.

அங்கே டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது பிரெஸ்டன் மில், தண்ணீரால் ஓடும் மில். இங்கிலாந்தில் நியூகாசில் வழியாக ஓடும் டைன் இல்லை, இது அதே பெயருள்ள சின்ன ஆறு. இந்தப் பக்கம் 'கார்ன் மில்' என்றால் மக்காச்சோளம் அரைப்பது என்று நினைத்துவிடாதே. எந்தத் தானியமும் இவர்களுக்குக் கார்ன்தான். இங்கே அரைத்தது ஓட்ஸ். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த இடத்தில் அரைவை நடந்திருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டுடையது.

தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது சக்கரம் இல்லை, ஒரு கூம்புக் கூரைதான். சிவப்பு ஓடு வேய்ந்து, வளைந்து நெளிந்து, யாரோ கையால் பிடித்துவைத்த களிமண் மாதிரி இருக்கிறது. அதன் கீழே இருப்பது சூளை. நீ அறுவடை முடிந்ததும் களத்தில் கொட்டி, வெயிலில் காயவைத்து மூட்டை கட்டிவிடுவாய். இவர்களுக்கு அந்த வெயில் ஏது? ஈர ஓட்ஸைக் கல்லில் போட்டால் மாவாகாது, அப்பிக்கொள்ளும். அதனால் கீழே நெருப்பு மூட்டி, மேல்தளத்தில் தானியத்தைப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கூம்பின் உச்சியில் ஒரு மரமூடி இருக்கிறது. காற்று அடிக்கும் திசைக்கு ஏற்பத் தானாகத் திரும்பி, புகையையும் ஆவியையும் வெளியே விடும். இந்த நாட்டு மழைதான் அந்தக் கட்டடத்துக்கு அப்படியொரு உருவத்தைக் கொடுத்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

அப்புறம் வாய்க்கால் தண்ணீர் மதகு வழியாக வந்து சக்கரத்தைத் தள்ள, உள்ளே பல்சக்கரங்கள் சுற்றி மேல்கல்லைச் சுழற்றும். கீழ்க்கல் அசையாது. முதல் ஜோடிக் கல் உமியை நீக்கும், அடுத்த ஜோடி அரைக்கும். 1959 வரை இந்த மில் வியாபாரத்துக்கு ஓடியிருக்கிறது.

பக்கத்திலேயே இருந்த ஹூஸ்டன் மில்லில் வாழ்ந்தவர் ஆண்ட்ரூ மெய்க்கிள், கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர். அவருடைய பட்டறையில் சிறுவனாகச் சுற்றித் திரிந்தவன், பின்னாளில் பெரிய பொறியாளரான ஜான் ரென்னி. பிறந்தது 1761இல், அருகிலுள்ள ஃபாண்டசி பண்ணையில். பிறகு லண்டனில் நீராவியால் ஓடிய ஆல்பியன் மில்லுக்கு இயந்திரங்களை அமைத்தவரும் இவரே. தண்ணீர் மில்களுக்கு நடுவே தொழில் கற்றவர்! 1786இல் ஓடத் தொடங்கிய அந்த மில் 1791இல் எரிந்துபோனது. பிரெஸ்டன் மில்லின் சக்கரம் இன்றும் சுற்றுகிறது.

கல்லைக் கிட்டே போய்ப் பார்த்தேன். நடுவிலிருந்து விளிம்புக்குச் சரிவாக ஓடும் வரிப்பள்ளங்கள், அவற்றுக்கு இடையே மெல்லிய கொத்து. படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மில் கல்லிலும் பள்ளம் இதே சரிவில்தான் போகிறதா? பார்த்து எழுது.

அன்புடன்,
சேகர்