உல்வோஹாம்ன்காரர்களுக்கு ஒரு நன்றி

ஸ்வீடன் கரையோரத் தீவில் நம் மீனவ ஊரான உல்வோஹாம்ன் மக்களுக்கு,

அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஊரே துறைக்கு ஓடி வந்ததே. அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. மருத்துவமனைக்குப் போன எங்கள் வீட்டு மனிதர் திரும்பிவிட்டார். காபியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஹெலிகாப்டரில் வந்தவர்கள், ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் மருத்துவமனை நர்சுகள், அக்கரை ஷோப்மன்ஹோல்மென் துறைப் படகில் இடம் பிடித்துக் கொடுத்தவர்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாகக் கடைசிப் படகுக்கொட்டகைப் பெரியவருக்கு.

அன்று சாயங்காலம்தான் புளிக்க வைப்பதற்காக ஸ்ட்ரோமிங் மீனை (பால்டிக் கடலின் சின்ன ஹெர்ரிங்) பீப்பாயில் கொட்டிக் கெட்டி உப்புநீர் ஊற்றியிருந்தோம். முதல் சில மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்தால்தான் ரத்தம் வடியும். மருத்துவமனையில் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. திரும்பி வந்து கொட்டகையைத் திறந்தால், மீன் தலையும் குடலும் எடுத்து, சினையை மட்டும் உள்ளேயே விட்டு, இளம் உப்புநீருக்கு மாற்றி வைத்திருக்கிறது! மூடியில் சாக்பீஸால் கிளறிய நேரங்கள்: 7, 7.30, 8 என்று ராத்திரி 2 வரை. கீழே ஒரு வரி, "வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற மனிதர்!

அந்தக் காலத்தில் தெற்கே யேவ்லே நகரத்து மீனவர்கள் கோடைதோறும் குடும்பத்தோடும் ஆடு மாடுகளோடும் இங்கே வந்து தங்கி, 1622-ல் அந்த மரத் தேவாலயத்தைக் கட்டினார்கள். உப்பு விலை அதிகம் என்பதால் குறைந்த உப்பில் மீனைப் புளிக்க வைத்தே இந்தக் கரை பிழைத்தது. இன்று ஜூலையில் கூட்டம் நெரிகிறது, குளிர்காலத்தில் ஒரு கை விரல் மடக்கி எண்ணும்படி ஜன்னல்களில்தான் வெளிச்சம். நிலம் வருஷத்துக்குச் சுமார் 8 மி.மீ. உயர்ந்துகொண்டிருக்கிறது, அதற்காகத்தான் 2000-ல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மீனோ குறைந்துகொண்டே போகிறது. பெரிய இழுவைப் படகுகள் அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம் என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள், நானும் அதையே நம்புகிறேன். இந்தக் காலத்தில் ஒரு பீப்பாய் மீன் என்பது சின்ன விஷயமில்லை.

பெரியவரே, இனி உங்கள் விறகைப் பிளப்பது எங்கள் வேலை. வேண்டாம் என்று தலையாட்டினாலும் வருவோம்.

மற்ற எல்லோரும்: ஆகஸ்ட் மூன்றாம் வியாழன், எங்கள் கொட்டகை முன்னால் புளித்த மீன் விருந்து. அந்த மீனை அந்தத் தேதிக்கு முன் விற்கக் கூடாது என்ற சட்டம் எப்போதோ போய்விட்டது, வழக்கம் போகவில்லை. மீன் டின்னை வெளியில்தான் திறப்போம், நாற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். உருளைக்கிழங்கும் மெல்லிய ரொட்டியும் எங்கள் பொறுப்பு. வெங்காயம் மட்டும் யாராவது கொண்டு வாருங்கள்.