மட்டியைப் படமெடுத்த இரசாயனவியலாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்கள் உவர்மலையில் சில வீடுகள் செத்த வீடு மாதிரி ஆகிவிடும். மருத்துவ பீடம் கிடைக்கவில்லையாம். "இனி கெமிஸ்ட்ரி படிச்சு என்ன, மிஸ்?" என்று என்னிடம் படித்த பிள்ளையொன்று அழுதாள்.

போல் லோட்டர்பர் என்பவரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அவர் டொக்டர் அல்ல, இரசாயனவியலாளர். பிற்ஸ்பர்க்கில் தொழிற்றுறை ஆய்வுகூடமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1962இல் கலாநிதியானார். காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்று மாற்றினால், ஒரு பொருளின் உள்ளேயிருக்கும் நீரின் சமிக்ஞை எங்கிருந்து வருகிறதென்று தெரியும்; அதைக்கொண்டு படமே எடுக்கலாம். இது 1971இல் அவருக்குப் பிடிபட்டது. முதலில் நீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்களைப் படமெடுத்தார். அப்புறம், மகள் கடற்கரையில் பொறுக்கிய சின்ன மட்டி! நேச்சர் சஞ்சிகை முதலில் திருப்பியனுப்பிய கட்டுரை 1973இல் வெளிவந்தது. உடம்பை வெட்டாமலே உள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. பிறந்த கதை அதுதான். 1985இல் இல்லினோய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 2003இல் பீற்றர் மான்ஸ்ஃபீல்டுடன் மருத்துவ நோபல் பரிசு.

மட்டி என்றதும் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். உப்புவெளிக் கரையில் அவளும் பொறுக்கியவள்தானே.

உங்கள் மாணவர் பக்கத்தில் இப்படியானவர்களைப் பற்றிக் கிழமைக்கு ஒரு பத்தியாவது போடுங்கள். வகுப்பில் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இரசாயனவியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.