பரோட்டாக் கடை அண்ணாச்சிக்கும் நம்ம ஊராட்சிக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் அக்கா தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

தென்னை ஓலையில் சாறு உறிஞ்சுகிற வெள்ளை ஈ கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தோப்பிலும் ஓலை கறுத்துத்தான் கிடந்தது. நேற்று கீழத்தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்தேன். புதிதாக விரிந்த நாலு மட்டையும் பச்சைப்பசேல் என்று இருந்தன. அடிமட்டையில் ஈ விட்ட பிசுக்கு இன்னும் இருக்கிறது, ஈ ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டு மாதம் கழித்து நேற்று ராத்திரிதான் தூங்கினேன். எழுந்ததும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊராட்சி மன்றத்துக்கு. பூச்சிக்குச் செலவு செய்ய எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்கப்போன இடத்தில் "தெருவிளக்கு எரியுதான்னு பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். தலைவரம்மா விடவில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டு, பொதுநிதியிலிருந்து ஈ வந்து ஒட்டுகிற மஞ்சள் தாளும் அதில் தடவ விளக்கெண்ணெயும் வாங்கி, டிராக்டர் வாடகை கொடுத்து, ஊர் முகப்பில் பெஞ்சு போட்டுக் காவலாளுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். வெளியூர்க் கன்றும் ஓலையும் உள்ளே வரக்கூடாது, நம்ம கிடுகு வெளியே போகக்கூடாது. "ஈக்கு கேட் போடுதாவளாம்" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். குஞ்சு ஓலையின் அடியில் ஒட்டிக்கொண்டால் நகராது, அதை ஊர் ஊராகச் சுமந்து போவது நம்ம லாரிதான் என்று வேளாண்மை அலுவலர் சொன்ன பிறகு வாயை மூடினேன். 2016ல் பொள்ளாச்சியில் தென்பட்ட பூச்சி நம்ம கடனாநதிப் பாசனம் வரைக்கும் பறந்தேவா வந்திருக்கும்? போன ஆடியில் என் தோப்பில் நட்ட அறுபது கன்றும் லாரியில் வந்தவைதான். அதை ஊரில் ஒருவர்கூட என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

இனி அண்ணாச்சி. ஈயின் பிசுக்கில் படர்கிற கருப்புப் படிவத்தை உதிர்க்க லிட்டருக்கு 25 கிராம் மைதா, பசையாகக் காய்ச்சி அடிக்க வேண்டும் என்றார்கள். 200 லிட்டர் டிரம்முக்கு 5 கிலோ. நாங்கள் காய்ச்சியது கட்டி கட்டியாக நின்றது. தெளிப்பானின் நாசில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அடைத்தது. ஊசி போட்டுக் குத்திக் குத்தி எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் பஸ் ஸ்டாப் பரோட்டாக் கடை அண்ணாச்சி சைக்கிளை நிறுத்திவிட்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, போஸ்டர் ஒட்டவா கிண்டுதீய?"

சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டார். மாவைப் பச்சைத் தண்ணீரில் விரலாலேயே கரைத்தார். கொதிக்கிற தண்ணீரில் நூல் மாதிரி பைய ஊற்றச் சொல்லி, அவர் துடுப்பை எடுத்துக் கிண்டினார். இறக்கியதும் பழைய வேட்டியில் வடிகட்டினார். பசை கஞ்சித்தண்ணி மாதிரி வழுவழு என்று இறங்கியது. அன்றைக்கு நாசில் ஒருதரம்கூட அடைக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கடையைப் பூட்டுகிற மனுஷர், விடியக்காலம் ஐந்து மணிக்கு, ஒன்பது நாள் தொடர்ந்து தோப்புக்கு வந்தார். மூன்றாம் நாள் வெயிலில் பசை காய்ந்து கருப்போடு சேர்ந்து செதில் செதிலாக உதிர்ந்தபோது, ஒரு செதிலை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "முறுகிட்டு" என்றார். மாவுக்கும் காசு வாங்கவில்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு தென்னங்கன்றுகூடக் கிடையாது.

தாள் கட்ட மரம் ஏறியவர்கள், ராத்திரியில் மோட்டார் விட்டுக் கொடுத்தவர்கள், தோரணம் இல்லாமலே கல்யாணப் பந்தல் போட்ட மேலத்தெரு வீட்டார், மருந்து அடிக்காமல் பொறுத்திருந்த பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் நன்றி. மருந்து அடித்திருந்தால் ஈயைத் தின்கிற ஒட்டுண்ணிக் குளவியும் செத்திருக்கும். அந்தக் குளவியை ஓலைத்துண்டில் வைத்துக் கொண்டுவந்த அதிகாரியையே பெஞ்சுக்காரத் தாத்தா உள்ளே விடாமல் நிறுத்திவிட்டார். "ஓலைன்னா ஓலதான்" என்றாராம். அவருக்கும் நன்றி.

இனிமேல் ஓலையைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு கன்றுகூட வாங்க மாட்டேன்.

கிராம சபையில் செலவுக் கணக்கு வாசித்தபோது 'மைதா' என்ற வரிக்கு எதிரே தொகை இல்லை, 'இனாம்' என்று எழுதியிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். வாசல்படியில் நின்ற அண்ணாச்சி, "கல்லு காயுது" என்று போய்விட்டார்.

விளக்கெண்ணெய் இன்னும் ரெண்டு டின் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. தாள் காய்ந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.