பரப்பளவும் கன அளவும்: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அண்மையில் நடந்த தேர்வின் கணித விடைத்தாள்களை ஆசிரியர்களுடன் அமர்ந்து பார்த்தபோது, ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்பட்டது. உங்கள் துணையிருந்தால் அதை விரைவில் சரிசெய்துவிடலாம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சதுரத்தின் பரப்பளவு பக்கம் × பக்கம், கனச்சதுரத்தின் கன அளவு பக்கம் × பக்கம் × பக்கம் என்பதை ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால், போட்ட கணக்கில் வந்த எண் எதை அளக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் 6 செ.மீ பக்கமுள்ள கனச்சதுரத்தைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 216 சதுர செ.மீ, கன அளவு 216 கன செ.மீ. இரண்டும் சமமா என்று கேட்டதற்குப் பலர் ‘ஆம், சமம்’ என்றே எழுதியிருந்தார்கள். முதலாவது, அந்தக் கட்டையின் மேல் ஒட்டத் தேவையான காகிதத்தின் அளவு; இரண்டாவது, அது அடைத்துக்கொள்ளும் இடம். பக்கத்தை 7 செ.மீ ஆக்கினாலே 294, 343 என்று எண்களும் பிரிந்துவிடுகின்றன. அலகை எழுதாமல் விட்டதற்கு அரை மதிப்பெண் குறைத்தோம் என்று சில பெற்றோர் வருத்தப்பட்டீர்கள். அலகு இல்லாத எண் விடையே ஆகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இன்னொரு பிழை, 1 மீட்டர் 100 செ.மீ என்பதால் 1 சதுர மீட்டரும் 100 சதுர செ.மீ என்று எழுதுவது. இதற்காகக் கணித ஆசிரியர் பள்ளி முற்றத்தில் மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, 10 செ.மீ சதுரமாக வெட்டிய அட்டைகளை வரிசைக்குப் பத்தாக அடுக்கச் சொன்னார். பத்து வரிசையில் நூறு அட்டைகள் அடங்கின. ஓர் அட்டையே 100 சதுர செ.மீ என்பதைக் கட்டம் போட்டுப் பார்த்த பிள்ளைகள், மொத்தம் 10,000 என்று தாங்களாகவே சொன்னார்கள். கன மீட்டருக்குப் போனால் அது 10,00,000 கன செ.மீ, அதாவது 1,000 லிட்டர்.

பக்கத்தைப் பாதியாக்கினால் பரப்பும் பாதியாகும் என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெரியவர்களிடமும் அதைக் காண்கிறேன். நாம் மனை பேசுவது சென்ட் கணக்கில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நான்கு பக்கமும் 66 அடியுள்ள சதுர மனை 4,356 சதுர அடி, மிகச் சரியாகப் பத்து சென்ட். பழைய நில அளவைச் சங்கிலியின் நீளமும் இதே 66 அடிதான். அப்படியானால் ஐந்து சென்ட் சதுர மனைக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்டால், யோசிக்காமல் 33 அடி என்கிறார்கள். 33 அடிச் சதுரம் 1,089 சதுர அடி, இரண்டரை சென்ட்தான். ஐந்து சென்ட்டுக்குப் பக்கம் ஏறத்தாழ 46 அடி 8 அங்குலம் வேண்டும். நாளை பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகும் பிள்ளைகள் இதை இப்போதே அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கன அளவில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. உள்ளளவு மூன்று பக்கமும் 1 மீட்டர் உள்ள தண்ணீர்த் தொட்டியில் 1,000 லிட்டர் பிடிக்கும். எல்லாப் பக்கத்தையும் அரை மீட்டராக்கினால் 125 லிட்டர்தான் பிடிக்கும். அடித்தளமும் நான்கு சுவர்களுமாக உள்ளே பூச வேண்டிய பரப்பு 5 சதுர மீட்டரிலிருந்து 1.25 ஆகக் குறையும். பூச்சு நான்கில் ஒரு பங்கு, தண்ணீரோ எட்டில் ஒரு பங்கு. இதை வீட்டில் விளக்கக் கொத்தனார் வேலை செய்யும் தந்தையரைவிடத் தகுந்தவர்கள் இல்லை. ஒரு யூனிட் மணல் 100 கன அடி என்று கணக்கிட்டு வாங்கி இறக்குபவர்கள் அவர்கள்.

அணைகளின் நீர்மட்டத்தை நாளிதழில் பார்க்கும் வீடுகளில் இதையும் பேசலாம். பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. ஆனால் இரண்டின் கொள்ளளவும் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடியே. உயரம் மட்டும் தண்ணீரின் அளவைச் சொல்லாது, நீர் பரந்து நிற்கும் பரப்பும் சேர வேண்டும் என்பதற்கு நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே உள்ள சான்று இது.

இந்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அளவைத் தாள் கொடுத்தனுப்புகிறோம். வீட்டின் பட்டாசலையோ தார்சாவையோ, ஒரு தொட்டியையோ பெட்டியையோ டேப் வைத்து அவர்களே அளக்கட்டும். அளந்ததைப் பெரியவர்கள் திருத்தி எழுத வேண்டாம், தவறாக இருந்தாலும் அப்படியே வரட்டும். மாலையில் பீடி சுற்றியபடியே கேட்கும் தாய்மாருக்கும் ஆச்சிமாருக்கும் கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ‘இந்த எண் தரையின் அளவா, உள்ளே பிடிக்கும் அளவா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வயலின் பரப்பை, அதில் விதைக்கத் தேவையான நெல்லின் அளவை வைத்து மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று சொல்லிப் பழகிய தாத்தாக்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கணக்கையும் தாளின் பின்புறம் எழுதியனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

தாள்களைத் திங்கட்கிழமை காலை வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். டேப் இல்லாத வீடுகளுக்குப் பள்ளியிலிருந்தே தந்துதவுவோம்; பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்