ஒரு மீட்டர் வயரை உரித்து நிறுத்துப் பாருங்கள்: மின்பணி ஒப்பந்தப்புள்ளிகளை ஏற்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர் பெருமக்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தின் மின்பணி, மதிப்பீட்டைவிட 34 சதவீதம் குறைத்துக் கேட்டவருக்குக் கொடுக்கப்பட்டது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இது ஓர் அலுவலகத்தோடு முடிகிற பழக்கம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்களான எங்களுக்கும் தெரியும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மதிப்பீட்டைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைத்து வரும் மின்பணி ஒப்பந்தப்புள்ளி எதுவானாலும், வயர், எர்த்திங் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் அமைப்பு), ஆர்.சி.சி.பி. (கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) மூன்றுக்கும் தனித்தனியாக, விலை எப்படி வந்தது என்று காட்டும் விலைப் பகுப்பாய்வை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். பார்க்காமல் ஏற்காதீர்கள்.

டீலர் தரும் தள்ளுபடி பெரிது, அதனால் கட்டுப்படியாகும் என்று குறைத்துக் கேட்பவர் சொல்வார். சுவிட்சு, விளக்கு, விசிறி வரைக்கும் அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. செம்பில் இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் 90 மீட்டர் காயிலில் ஏறத்தாழ 1.2 கிலோ செம்பு இருக்க வேண்டும். 2.5 என்றால் 2 கிலோ, 4 என்றால் 3.2 கிலோ. பரப்பை நீளத்தாலும் செம்பின் அடர்த்தியாலும் பெருக்கினால் வரும் எடை இது. அன்றைய செம்பு விலையால் அதைப் பெருக்குங்கள். பி.வி.சி. உறை, கூலி, வரி, வண்டி வாடகை எதையும் சேர்க்காமலே காயிலின் அடிவிலை கிடைத்துவிடும். அந்த அடிவிலைக்கும் கீழே ஒருவர் வயர் தருகிறார் என்றால், உள்ளே இருப்பது 1.5 இல்லை, அல்லது செம்பே இல்லை. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம் இன்று காயில் காயிலாக விற்கிறது. வெட்டிய முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

வயர் வந்து இறங்கும் நாளில் ஒரு மீட்டரை வெட்டி, உரித்து, நகைக்கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 1.5 வயருக்குக் கணக்குப்படி 13.4 கிராம் வர வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் எடையைக் கேட்பதில்லை, மின்தடையைத்தான் கேட்கிறது. ஆகவே ஒன்றரை கிராம் வரை குறைந்தால் குற்றம் சொல்ல முடியாது. 9 கிராம், 10 கிராம் என்று காட்டினால் அந்தக் காயில்களைத் திருப்பி அனுப்புங்கள். ஐயம் இருந்தால் மின்தடையையே அளக்கலாம். எளிதில் வளையும் பல இழை 1.5 வயருக்குக் கிலோமீட்டருக்கு 13.3 ஓம் என்பது 20 டிகிரியில் உச்ச வரம்பு. 90 மீட்டருக்கு அது 1.2 ஓம். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் 1.27 வரை போகலாம். சாதாரண மல்ட்டிமீட்டர் இந்த அளவுக்குச் சரியாகக் காட்டாது. மைக்ரோ ஓம் மீட்டர் வேண்டும்.

வயரையாவது பிறகு உருவிப் பார்க்கலாம். எர்த்திங் குழாயைப் புதைக்கும் குழியான எர்த் பிட்டை மண்ணைப் போட்டு மூடிய பிறகு யாரும் தோண்டுவதில்லை. எங்களை உறங்கவிடாதது இதுதான். எர்த்திங்குக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3043 சொல்லும் பைப் எர்த் என்பது குறைந்தது 38 மி.மீ. விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள கால்வனைஸ் குழாய். 34 சதவீதத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? குழாயை ஒரு மீட்டராக அறுத்துப் புதைத்து, மேலே சிமென்ட் தொட்டி கட்டி, தண்ணீர் ஊற்றும் புனலை நிறுத்தி, மூடியும் போட்டுவிட்டால், பணியை அளந்து எழுதும் எம்-புக்கில் அது முழு எர்த் பிட். கோடையில் மேல்மண் காயும்போது அந்த எர்த்தின் தடை 50 ஓமுக்குப் போனால், பள்ளிக் குடிநீர் மோட்டாரில் கசிவு ஏற்படும்போது மண்ணுக்கு ஓடுவது 230ஐ 50ஆல் வகுத்த 4.6 ஆம்பியர். 16 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் துண்டிக்கும் எம்.சி.பி. அசையவே அசையாது. மோட்டாரின் உடம்பு ஏறத்தாழ முழு மின்னழுத்தத்தோடு நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் பிடிக்க வருகிற பிள்ளை ஈரக்கையோடு அதைத் தொடும்.

அந்த நிலையிலும் காப்பாற்றக்கூடியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 4.6 ஆம்பியர் கசிவை அது நொடிக்குள் துண்டித்துவிடும். ஆனால் விலை குறைந்த பணியில் அதற்குப் பதிலாக, பார்வைக்கு அதே அளவுள்ள, கையால் மட்டுமே நிறுத்தக்கூடிய வெறும் ஐசொலேட்டரை டி.பி. எனும் மின்பகிர்வுப் பெட்டியில் மாட்டிவிடுகிறார்கள். அதில் டெஸ்ட் பட்டன் இருக்காது. பணி முடிப்புச் சான்றில் கையெழுத்திடும் முன் அந்தப் பட்டனை ஒரு முறை அழுத்திப் பார்த்தாலே போதும். எர்த்தின் தடையைக் காட்டும் எர்த் டெஸ்டர் அளவீட்டையும் தொட்டி கட்டும் முன், குழாய் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, தன் 10ஆம் பிரிவில் விலைவிகிதப் பட்டியலையும் நிலவும் சந்தை விலையையும் பார்த்தே ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிடச் சொல்கிறது. விலை கூடுதலாகத் தெரிந்தால் எங்களைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று குறைக்கக் கேட்கிறீர்கள். அது உங்கள் கடமை, மறுக்கவில்லை. சந்தை விலைக்கு மிகக் கீழே வந்தவரைக் கூப்பிட்டு "எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? கூடுதல் பிணைத்தொகை வாங்கி வைத்தால் பணம் பத்திரமாக இருக்கும். மண்ணுக்குள் போன ஒரு மீட்டர் குழாய் அதனால் வளராது.

இன்னும் இரண்டு குறைகளையும் சொல்லியாக வேண்டும். மின்பணியைக் கட்டடப் பணியோடு சேர்த்து ஒரே ஒப்பந்தமாக விடும்போது, கட்டட ஒப்பந்ததாரர் எங்களில் ஒருவரின் உரிம நகலை மட்டும் இணைத்துவிட்டு, வேலையை உரிமம் இல்லாதவரிடம் கூலிக்குத் தள்ளிவிடுகிறார். வயர் போவதற்காகப் பதிக்கும் மெல்லிய குழாய் கான்கிரீட் போடும்போது மிதிபட்டு நசுங்குகிறது. பிறகு வயர் போகாமல் பூசிய சுவரை உடைக்கிறார்கள். இரண்டாவது, மதிப்பீடு போடப் பயன்படும் அரசின் விலைவிகிதப் பட்டியல். 2020 மார்ச்சில் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்த செம்பு 2021 மே மாதத்தில் 10,000ஐத் தாண்டியது. ஆண்டுக்கொரு முறை திருத்தும் பட்டியல் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது. நேர்மையாக விலை போடுகிறவர் ஒதுங்கிக்கொள்கிறார். எப்படியாவது முடித்துவிடலாம் என்பவர்தான் மிஞ்சுகிறார். வயருக்கு மட்டுமாவது செம்பு விலையோடு ஏறி இறங்கும் ஷரத்து வேண்டும்.

இவை நாள் பிடிக்கும் என்பது புரிகிறது. விலைப் பகுப்பாய்வு கேட்பதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று இனங்கள், ஒரு பக்கம், ஒப்பந்ததாரரின் கையெழுத்து. 15 சதவீதத்துக்கு மேல் குறைத்து வரும் ஒவ்வொரு மின்பணிக்கும் அதை வாங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

மேலே சொன்ன பள்ளியில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. வயரும் குழாயும் இன்னும் வந்து இறங்கவில்லை. இறங்கும் நாளில் தயவுசெய்து ஒருவரைத் தராசோடும் அளவுநாடாவோடும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்கள் சிலர்